உயரமான டம்ளர்

இரண்டு குட்டைக் கண்ணாடி டம்ளர்களில் தண்ணீரைச் சமமாக ஊற்றிவிட்டு, குனிந்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்க்கிறார். ஒன்றிலிருப்பதை ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றுகிறார். எதிரே நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருக்கும் நான்கு வயதுக் குழந்தையிடம், "இப்ப எதுல ஜாஸ்தி?" என்கிறார். குழந்தை உயரமானதைக் காட்டுகிறது. கல்லூரி மாணவிகள் சிரிக்கிறார்கள். "சிரிக்காதீங்கம்மா. அதுக்குக் கண்ணு சொல்றதுதான் கணக்கு. ஏழு வயசுல கேளுங்க, நம்மளை லூசுன்னு பாக்கும்."

உளவியல் துறையின் ஆய்வக உதவியாளர் அவர். இருபத்தெட்டு வருடமாக இதே கேள்விதான். பாடம் எடுப்பது பேராசிரியை; தேர்வுக்கு முதல் நாள் பிள்ளைகள் தேடி வருவது இவரை. சுவரில் தொங்கும் படத்தில் பிறப்பு முதல் முதுமை வரை எட்டுப் படிகள். யாரைக் கண்டாலும் ஏதாவதொரு படியில் நிறுத்திவிடுவார் என்பதால், அவருக்கே 'படிக்கட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. "நம்ம காலேஜ் முதல்வர் இன்னும் ரெண்டு வயசுக் குழந்தையோட ரெண்டாவது படிதான். எதை எடுத்தாலும் 'நானே செய்வேன்'னு ஒரே அடம்." படத்தை விளக்கி முடிக்கையில் தவறாமல் சொல்வார்: "ஏறின படி ஏறினதுதான். இறங்கறதுக்கு இதுல வழியே இல்ல."

வீட்டில் அண்ணன் இருக்கிறார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்களாம். அப்பா போனபின் தம்பியைப் படிக்க வைத்ததும் அவர்தான். நான்கு மாதமாகச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார். தெருமுனை வரை போனால் திரும்பி வர வீடு தெரிவதில்லை.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்று மனைவி ஆரம்பித்தாலே இவர் பேச்சை மாற்றிவிடுவார். "வயசானா மறதி வராதா? அவர் எட்டாவது படியில நிக்கற மனுஷன்." ஊரையே அளந்து நிறுத்துகிறவர் அண்ணன் விஷயத்தில் மட்டும் ஒன்றும் தெரியாதவர்போல இருந்தார். பயம், வேறென்ன.

போன வாரம் ஒரு காலை, கழுவிய டம்ளர் போதாமல் மனைவி இவருக்கு மட்டும் உயர டம்ளரில் பால் ஊற்றினார்.

"எனக்கு ஏன்டா அடியில கொஞ்சூண்டு? உனக்கு மட்டும் நிறைய" என்றார் அண்ணன்.

"உங்க கண்ணு முன்னாடிதானே மாமா ஊத்தினேன், ஆளுக்கு ரெண்டு கரண்டி" என்றார் மனைவி.

"எனக்குத் தெரியாதா? இதுல ஜாஸ்தி." அண்ணனின் விரல் உயர டம்ளரைத் தொட்டது.

அந்த விரலை இவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், குழந்தைகளின் கையில். டம்ளர்களை இடம் மாற்றினார். "இப்ப சரி" என்று அண்ணன் திருப்தியாகக் குடித்தார்.

"இன்னிக்கே டாக்டர்கிட்ட நேரம் கேளு" என்றார் மனைவியிடம்.

ஆய்வகத்தில் அதே சோதனை இன்றும் நடக்கிறது. இறங்க வழியில்லை என்ற வரியை மட்டும் இப்போது அவர் சொல்வதில்லை. காலையில் அண்ணனுக்கு உயர டம்ளர்தான். கொண்டுபோய்க் கொடுக்கும் முன், தன் பங்கிலிருந்து ஒரு வாய் பாலை அதில் ஊற்றிக் கொடுக்கிறார்.