திலகம் அக்கா சொன்ன இரண்டு பொய்கள்

திலகம் அக்கா இறந்த செய்தி தொலைபேசியில்தான் வந்தது. அக்காவுக்கு அது பொருத்தமே. கெலிஓயாவில் பக்கத்து வீட்டில் இருக்கும் ஃபரீதா ராத்தா காலை ஏழு மணிக்குக் கோல் எடுத்தார். "கமலா, மிஸ் மௌத்தாகிட்டாங்க. கதவு திறக்கலையேன்னு போய்ப் பார்த்தேன், கதிரையில இருந்தபடியே இருக்காங்க" என்றார். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மூன்று நிமிடத்துக்குள் பேசி முடித்துவிட்டோம். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. வந்ததாக எழுதவும் மாட்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்காவின் தங்கை மகன் கனடாவிலிருந்து கேட்டார். தங்கை யாழ்ப்பாணத்தில். போரில் பாதை பூட்டிக் கிடப்பதால் அவரால் இறுதிச் சடங்குக்குக்கூட வர முடியவில்லை. இந்த மலர்களில் எல்லாரும் மாறாத புன்னகையோடுதான் செத்துப் போகிறார்கள். திலகம் அக்காவுக்குப் புன்னகை கொஞ்சம் பஞ்சம். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும். ஒரு பக்கம் என்றார்கள். எனக்கு ஒரு பக்கம் போதாது.

நாங்கள் இருவரும் கண்டியில், தேயிலைத் தோட்டங்களை நடத்தும் அலுவலகம் ஒன்றில் சுவிட்ச்போர்ட் ஒபரேட்டர்கள். ஒரே போர்டுக்கு முன் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிரை. அவர் யாழ்ப்பாணம், நான் வத்தேகமப் பக்கத்துத் தோட்டம். என் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் கோலுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்தான். "மூண்டு எண்டால் மூண்டு. கலியாணப் பேச்செண்டாலும் மூண்டுதான்" என்று சொல்லி வயரைப் பிடுங்கிவிடுவார்.

பொய் அவருக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர், இன்னார் எடுத்தால் தான் இல்லை என்று சொல்லும்படி சொல்லி வைத்திருந்தார். அந்த இன்னார் எடுத்தார். அக்கா, "ஐயா இருக்கிறார். ஆனால் உங்களோட கதைக்க விருப்பமில்லையாம்" என்றார். அதிகாரி வந்து குதித்தார். "பொய் சொல்லத்தான் வேணுமெண்டால் நீங்களே லைனுக்கு வந்து சொல்லுங்கோ, ஐயா. நான் கனெக்சன் மட்டும்தான் குடுப்பன்" என்று அக்கா ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும்வரை அக்காவுக்கு வணக்கம் சொல்லவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இனி எண்பத்து மூன்று ஆடி, தமிழர்களை அடித்த கலவரம். கொழும்பு எரிகிறது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. காலையில் என் கணவர் செல்வராஜ், "இன்னிக்கு வேலைக்குப் போகாத" என்றார். அதற்கு முன்பே வேறெதற்கோ சண்டை பிடித்திருந்தோம். எதற்கென்று சத்தியமாக எனக்கு இப்போது நினைவில்லை. அவர் போகாதே என்று சொன்ன ஒரே காரணத்துக்காகப் போனேன். கல்யாணமாகி இரண்டு வருடம். அந்த வயதில் வீம்புதான் பெரிதாக இருக்கும்.

பத்து மணிக்கெல்லாம் கண்டியிலும் புகை எழும்பியது. எங்கள் சிங்கள மனேஜர் கேட்டைப் பூட்டி, வாசலில் கதிரை போட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். உள்ளே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பதினொரு மணிபோல போர்டில் அக்காவின் பக்கம் ஒரு விளக்கு எரிந்தது. எடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்ர மனுசன். கடையிலயிருந்து எடுக்கிறார். குடுக்கட்டே?"

"வேணாங்கக்கா. வேலையா இருக்கேன்னு சொல்லுங்க."

"கமலா, இண்டைக்குக் கதை."

"வேணாம்னா வேணாங்கக்கா."

அக்கா மறுபடி லைனுக்குத் திரும்பினார். பிறகு, "தம்பி, இப்ப லைன் குடுக்க ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பேசியிருந்தால், இங்கே பத்திரமாக இருக்கிறேன், அசையாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். அதற்கு மூன்று நிமிடம்கூட வேண்டாம். என்னைக் கூட்டிவர அவர் பஸ் ஏறினார். வழியில் பஸ்ஸை மறித்தார்கள். அதற்குமேல் எழுதத் தேவையில்லை.

கலவரத்தில் தப்பிய எங்களையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் என் மாமியார் அங்கே வந்தார். மகன் போன் எடுத்ததையும், ஒபரேட்டர் மிஸ் பேச முடியாதென்று சொன்னதையும் கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். "எவ அவ? எம் புள்ள கேட்டும் லைனு குடுக்காதவ எவ?" என்று கத்தினார். நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அக்கா எழுந்து முன்னுக்கு வந்தார்.

"நான்தான் குடுக்கேல்ல. சொந்தக் கோல் குடுக்கக்கூடாதெண்டு அண்டைக்கு ஓடர்."

அப்படி ஓர் உத்தரவு இருக்கவே இல்லை. மாமியார் குனிந்து மண்ணை வாரி அவர் முகத்தில் வீசினார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் போய் நின்றார். நான் பின்னால் போய், "ஏங்கக்கா?" என்றேன். "அந்த வீட்டிலதானே நீ இனி இருக்கவேணும்" என்றார். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம், மாமியார் ஊரான வத்தேகமவில் அவருக்குப் பெயர் "அந்த யாழ்ப்பாணத்தா". நானும் அங்கே பத்து வருடம் இருந்து அதைக் காதால் கேட்டுக்கொண்டு சோறு தின்றேன்.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு, மூன்று வருடத்துக்கு முன்னால், தங்கை மகன் யாரோ ஒருவரிடம் ஒரு வீடியோ கேம் கொடுத்தனுப்பினார். உள்ளங்கை அகலம், புத்தகம்போல விரியும், மேலும் கீழும் இரண்டு திரை. அறுபது தாண்டியவருக்கு இது என்னத்துக்கு என்று நான் நினைத்தேன். அவரோ பையிலிருந்து கீழே வைக்கவே மாட்டார். ஒருநாள் சோதனைச் சாவடியில் இதைக் கண்ட ஆமிக்காரர், "மேக்க மொகக்த?" என்று, இது என்னவென்று, சந்தேகமாகக் கேட்டிருக்கிறார். கேம் என்று சிங்களத்தில் சொல்லி, விரித்துக் காட்டி, கதையையும் சொல்லத் தொடங்கினாராம். பின்னால் வரிசை நீண்டு, சனம் புறுபுறுக்க, அந்த ஆமிக்காரர், "அப்புறம் அந்தப் பெட்டை என்ன செய்தாள்?" என்று கேட்டாராம். இதைச் சொன்னபோது அக்கா சிரித்தார். அதிசயமாகத்தான் இருந்தது.

கதை இதுதான். ஒரு சிறு நகரம், ஆற்றோரம். வெள்ளம் வந்த நாளில் ஒரு பெண்ணின் அண்ணன் பாலத்தோடு போய்விடுகிறான். அவளுக்கு ஒரு பழைய கைக்கடிகாரம் கிடைக்கிறது. முள்ளைத் திருப்பினால் அந்த நாளுக்குத் திரும்பப் போகலாம். போகும் ஒவ்வொரு தரமும் ஒரேயொரு காரியத்தை மாற்றலாம். மாற்றிவிட்டு வந்து, என்ன ஆனதென்று பார்க்கலாம். எல்லாம் இங்கிலீசில் எழுத்தாக ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், அக்கா லைனில் செய்தி சொல்லுகிற மாதிரி, "அவள் சொல்லுறாள்... இவன் கேக்கிறான்..." என்று எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடுவார். எதை மாற்றினால் என்ன நடக்கிறதென்று துண்டுக் கடதாசிகளில் குறித்தும் வைப்பார்.

போன வருடம் ஒரு ஞாயிறு. வெள்ள நாள் காலை. அண்ணன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் அவனோடு கோபம். திரையில் கேள்வி: திறப்பதா, இல்லையா? அக்காவின் விரல் அப்படியே நின்றது. நான் என்னை மறந்து, "திறங்கக்கா! சும்மா திறங்க!" என்று கத்திவிட்டேன். அக்கா மூடியை மூடினார்.

"நான் முந்தியே துறந்து பாத்திட்டன், கமலா. துறந்தாலும் அவன் பாலத்துக்குத்தான் போறான். ஒண்டும் மாறாது. நீ அதை இனி விடு."

அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான். பேசினோம் என்றுகூடச் சொல்ல முடியாது, கேமைப் பற்றித்தானே சொன்னார். ஆனால் எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. பொய் சொல்லாத மனுஷி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என்னவோ, அந்த வருடம் நான் நிம்மதியாக இருந்தேன்.

சடங்கு முடிந்து அவருடைய சாமான்களை எடுத்து வைத்தபோது, கேமை என்னிடமே இருக்கட்டும் என்று தங்கை மகன் சொன்னார். வத்தேகமவிலிருந்து ஒருவரும் சடங்குக்கு வரவில்லை. போன கிழமை, பட்டப்பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் திறந்தேன். ஆட்டம் அந்தக் கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தது. திற என்பதை அழுத்தினேன்.

அவன் உள்ளே வந்தான். நனைந்திருந்தான். துவாய் கேட்டான். கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். வெளியே பாலம் உடைகிற சத்தம் கேட்டது. அண்ணனும் தங்கையும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் விடிந்தது, அவன் வேலைக்குப் போனான். அவ்வளவு லேசாக.

கேமின் உறைக்குள் அக்காவின் துண்டுக் கடதாசிகள் இருந்தன. ஒன்றில் அவருடைய நேரான எழுத்தில்: "கதவு திறந்தால், உள்ளே வருகிறான். இருக்கிறான்." அப்போதுதான் அழுதேன், ஐயோ என்று வாய்விட்டு. மகராசி, தெரிந்துகொண்டேதான் சொன்னீர்கள்.

அவரை அறிந்தவர்களே, அவர் வாழ்க்கையில் இரண்டு பொய் சொன்னார், இரண்டும் எனக்காக. முதல் பொய்யை இந்தப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்: அன்றைக்கு வேண்டாமென்று சொன்னது நான். இரண்டாவதை, பொய்யென்று தெரிந்தும், நானே வைத்துக்கொள்கிறேன். அந்தக் கேமும் என்னிடம் இருக்கும்.

மலர் அச்சாகி வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு வத்தேகமவுக்குப் போகிறேன். மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது, வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். காதும் மந்தம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி உரக்கத்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.