அம்மாவுக்கு நான் போட்ட ஐடி கார்டு

லேமினேஷன் மெஷினிலிருந்து சுடச்சுட வெளியே வரும் பிளாஸ்டிக் வாசனை... இப்போதும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் மக்களே!

அப்போது நான் பத்தாவது. திருநின்றவூரில் வாடகை வீடு. அப்பாவுக்கு மண்ணூர்பேட்டை லேத் பட்டறையில் வேலை. வாசல் பக்க ஆணியில் அவருடைய ஐடி கார்டு தொங்கும். அம்மாவுக்கு ஆணியும் இல்லை, கார்டும் இல்லை.

பெண்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் தரும் பணத்துக்கு மனு எழுத ஒரு முகாம் போட்டிருந்தார்கள். புதிதாகத் திறந்த பேங்க் பாஸ்புக்கோடு அம்மா போனாள், வாலாக நானும். மனு எழுதிய பெண் கேட்டாள், "என்ன வேலைக்கா?"

"வேலல்லாம் இல்லம்மா. சும்மா ஊட்லதான் கீறேன்."

சும்மாவா? நாலரைக்கு எழுந்து அப்பாவின் ரயிலுக்கு டப்பா கட்டுவது, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுவது, என்னைப் பற்றி ஸ்கூலிலிருந்து வரும் புகார்களைச் சமாளிப்பது (அதுவே ஒரு முழு நேர வேலை!)... இதெல்லாம் சும்மாவா?

மறுநாளே அப்பாவின் கார்டைச் சுட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அதே மாதிரி ஒன்று. பெயர்: ஸ்டெல்லா. பதவி: பிளான்ட் மேனேஜர். ஷிப்ட்: ஏ, பி, சி மூன்றும்!

"பின்னாடி இன்னாடா போடணும்?" என்றார் கடைக்கார அண்ணன்.

"கார்டுல கீறத அப்டியே அட்சுடுண்ணா."

சோம்பேறித்தனம்... அங்கேதான் மாட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் கழுத்தில் கார்டை மாட்டிவிட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும்தான். அப்புறம் கார்டைத் திருப்பினாள். பின்பக்கம் பட்டறை முதலாளி அச்சடித்திருந்த விதிகள். எழுத்துக்கூட்டாத குறையாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"வாரம் ஒரு நாள் விடுமுறை. மாதச் சம்பளம் ஏழாம் தேதி வங்கிக் கணக்கில்... இன்னாங்க, இது எனக்கும்தானே?"

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஞாயிறு காலை காபி வாசனையே இல்லை. அம்மா நீலப் புடவையில், கழுத்தில் கார்டோடு நிற்கிறாள்!

"வீக் ஆஃப். சர்ச் முட்ச்சிட்டு அப்டியே பருத்திப்பட்டு ஏரி. இத்தினி வருசமா பஸ்லேந்து எட்டிப் பாத்ததோட சரி."

அவளுக்கு ஆஃப், எங்களுக்கு மூட் ஆஃப். நானும் அப்பாவும் வைத்த சாம்பாரில் பருப்பு ஒரு ஷிப்ட், தண்ணீர் ஒரு ஷிப்ட்... ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. சாதம் அடிப்பிடித்துக் கருகியது.

வெயிலில் கறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக அம்மா திரும்பினாள். அப்பா கரிப்பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு ஓகே ஸ்டெல்லா. சம்பளம்லாம் ஓவரு. மாசாமாசம் செலவுக்குக் குடுக்கறேன்ல?"

"அது நீங்க கணக்கு கேக்கற காசு. கணக்கு கேக்காத காசு கொஞ்சம் எனக்கு வோணும். பதினேழு வருசமா கீறேன்... எம்பேர்ல இன்னா கீது இந்த ஊட்ல?"

நான் கரிப்பாத்திரத்தில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார். கரி போகவில்லை. "அந்தப் பாஸ்புக்க எடுத்தா..." என்றார்.

ஏழாம் தேதி. அம்மாவின் போனில் டிங்!

"டேய்! சம்பளம் வந்துச்சுடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா குக்கரை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அப்படி ஒரு ஆட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை...

இப்போது நான் காலேஜ் இரண்டாம் வருடம். அந்த ஜெராக்ஸ் கடை பிரியாணிக் கடையாகிவிட்டது. ஆணியில் இன்று மூன்று கார்டுகள். அம்மாவுக்கு மாதம் இரண்டு டிங்: அரசாங்கத்துடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. கார்டில் இருக்கும் அவள் போட்டோ மட்டும் வெளுத்துப்போய்விட்டது. பார்த்தால் கொஞ்சம் என்னவோ செய்கிறது.

போன வாரம் ஏதோ விவரம் எடுக்க ஒருவர் வந்தார். "என்ன வேலைம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "மூணு ஷிப்டும் நான்தான் சார்."

அவர் எழுதுவதா வேண்டாமா என்று முழித்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கார்டு பழசாயிட்ச்சுடா, புச்சா ஒண்ணு போடு. பின்னாடி இன்க்ரிமென்ட்டுனு ஒரு லைன் சேத்துக்கோ... உங்க நைனா கண்ணுல படறாமாரி, பெர்சா!"