முன் இருக்கையில் ஒரு நோன்பு

விமானம் கிழக்கே பறந்தால் சூரியன் மறுபக்கம் ஓடிப்போய் விழுந்துவிடும், நோன்பும் பாதியில் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். போதாததற்கு, முன்வரிசைக்காரனுக்குப் பின்வரிசைக்காரனைவிட முந்தி இருட்டும் என்றும் நம்பினேன்.

எண்பதுகளின் கடைசியில், சவூதியில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குக் கார் ஓட்டினேன். அவர் எப்போதும் ஒரே கம்பனியின் விமானத்தில்தான் பறப்பார். பறந்த மைல்களைக் கம்பனி சேர்த்துவைத்து, போதிய அளவு வந்ததும் விமானத்தின் முன்பகுதியான பிஸ்னஸ் கிளாஸில் ஓர் இலவச டிக்கெட் கொடுக்கும். அதை வேறொருவர் பெயரிலும் எடுக்கலாமாம். நான் லீவில் ஊர் போக, என் பெயரில் எடுத்துத் தந்தார்.

உடனே கசெட்டில் பேசிக் கல்முனைக்கு அனுப்பினேன். மனைவியின் பதில் கசெட் வந்தது: "அந்த முன்சீட்டுச் சாப்பாட்ட ஒண்டும் விடாமத் திண்டுட்டு வந்து சொல்லுங்க. ஊரே கேட்டுக்கிட்டு இரிக்கி."

நோன்புப் பெருநாளை ஒட்டிப் போகலாம் என்றிருந்தேன். விமானக் கந்தோரில் அந்த நாட்களுக்கு மைல் டிக்கெட் செல்லாது என்றார்கள். காசு கொடுத்தால் அதே நாளில் அதே சீட் உண்டாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுசன் பறந்த மைல் பெருநாளைக்கு மட்டும் சுருங்கிவிடுமா? கடைசியில் நடு நோன்பில், காலை விமானத்தில், ஓரிடம் எறிந்தார்கள்.

"பயணிக்குச் சலுகை இரிக்கி மச்சான். திண்டுட்டுப் பிறகொரு நாள் நோன்பு பிடிச்சிக் களாச் செய்யன்," என்றான் அறைக்கூட்டாளியான மருதமுனைக்காரன்.

"ஊட்டுல மனிசி நோன்போட இரிக்கக்குள்ள, நான் ஆகாயத்துல வாய அசைச்சிக்கிட்டுப் போறதா?"

"அப்ப அந்தச் சாப்பாட்ட ஆருடா திங்கிற?"

"பொழுதுபட்டு மஃரிபுக்கு நோன்பு திறந்துட்டுத் திம்பன். கிழக்கால போனாக் கெதியா இருட்டும்."

"ஓம் ஓம், பைலட்டுக்கிட்டச் சொல்லி இன்னம் கொஞ்சம் முடுக்கன்!"

விமானத்தில் என் ஹலால் தட்டு வந்தது. பொரித்த மீன், ஆட்டிறைச்சி, சோறு. நோன்பு என்றேன். பணிப்பெண் சூரியன் விழுந்ததும் தருவதாகச் சொல்லி எடுத்துப்போனாள். பக்கத்துச் சீட்டுக்காரன் தன் மீனில் பாதியை ஒதுக்கிவிட்டுக் குறட்டை விட்டான். அவன் கழுத்தைப் பிடித்து அதையும் தின்னவைக்க வேண்டும் போலிருந்தது.

பின்னேரம் கீழே கடல் கறுத்துவிட்டது. என் யன்னலில் மட்டும் சூரியன் அசையாமல் நின்றது. பணிப்பெண்ணை அழைத்து, "கீழே தரையில் சூரியன் விழுந்துவிட்டதா?" என்று கேட்டேன். விழுந்துவிட்டதாம். கீழே விழுந்து எனக்கென்ன? என் கண்ணுக்கு இன்னும் தெரிகிறதே, நோன்பை எப்படித் திறப்பது! பதறிப்போய் வலப்பக்க யன்னலுக்கு ஓடினேன், அங்கே இல்லை. திரும்பி என் யன்னலுக்கு வந்தேன், அங்கே நின்று பல்லிளித்தது. கம்பனிக்கும் சூரியனுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை என்று நினைத்தேன். பெல்ட்டைப் போடச் சொல்லி இருக்கையில் அமர்த்தினார்கள்.

விமானம் இறங்க இறங்க, சூரியன் ஒரே மூச்சில் முங்கியது. "சாப்பாடு!" என்று கத்தினேன். பணிப்பெண்ணும் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தாள். சமையலறையைப் பூட்டியாகிவிட்டது, இறங்கும்போது தட்டு வைக்கக்கூடாது என்றாள். எனக்கு வாயில் வந்ததெல்லாம் நோன்பாளி சொல்லக்கூடாதவை.

சட்டைப்பையில் இருந்த ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தேன். சக்கரம் கட்டுநாயக்காவில் தரையைத் தொட்டது. அந்தச் சாப்பாடு விமானத்திலேயே கிடந்தது.