ரேடியோ ரூமுக்கு ஒரு டெலிபோன்

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு எம்.பி.யின் ஆபீசில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் ஒரு வாடகை வீடு. முன் அறையில் மேசை, டைப்ரைட்டர், சுவரோரம் பெஞ்சு, ஒரு கறுப்பு டெலிபோன். பின் அறையில் என் பாய், ஸ்டவ், துணி வைக்கிற ட்ரங்குப் பெட்டி. எம்.பி. பார்லிமெண்ட் நடந்தால் டெல்லியில் இருப்பார், நடக்காவிட்டால் மெட்ராசில். கல்யாணம், சாவு என்றால் எங்கள் பக்கம் வருவார். ஆக, அந்த வீட்டில் குடியிருந்தது நான் ஒருத்தன்தான்.

எனக்கும் திருவக்கரைப் பக்கம் ஒரு வீடு உண்டு. அதில் அண்ணன் குடும்பம் நிறைந்திருந்தது. போனால் வயிறு நிறையச் சோறு போடுவார்கள். ஆனால் ராத்திரி இவனுக்குப் பாயை எங்கே விரிப்பது என்று அண்ணி கண்ணாலேயே அறையை அளப்பது எனக்குத் தெரியும். அதனால் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். டைப்பும் இங்கிலீஷும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தும், அடுத்தவர் எழுதிய மனுக்களைப் பார்த்து அடித்தும் வந்த இங்கிலீஷ் அது. நான் நிஜமாகப் படித்தது ஜனங்கள் பேசுகிற பேச்சைத்தான். அந்த ஆபீசில் அதற்குப் பஞ்சமில்லை.

இப்போது மாதிரி அப்போது எம்.பி.க்கென்று தொகுதி நிதி எதுவும் கிடையாது. அவரால் கேட்கத்தான் முடியும். எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று எழுதி, டெல்லியில் அந்தந்த மந்திரிக்கு லெட்டர் கொடுத்து, அப்புறம் நினைவூட்டி, அப்புறம் நினைவூட்டியதை நினைவூட்ட வேண்டும். ஜனங்கள் வந்து சொல்வதை லெட்டராக்குவது என் வேலை. வானூர்ப் பக்கத்திலிருந்து பாலம் கேட்டு வந்த ஒருவர், "மழ பேஞ்சா எங்க ஊரு இலங்கைங்க. அனுமாரு வந்து தூக்கினு போனாத்தான் உண்டு" என்றார். இன்னொரு ஊர்க்காரர்கள் தண்ணீர் டாங்கு கேட்டு, டாங்கு வந்து, திரும்பவும் வந்து நின்றார்கள். "டாங்கு கேட்டோம், குடுத்துட்டாங்க. தண்ணிய தனியா கேக்கணும்னு எங்களுக்குத் தெரியலைங்க" என்றார் அதில் பெரியவர். இதையெல்லாம் இங்கிலீஷில் எப்படி எழுதுவது? "கிராம மக்கள் பெரும் சிரமத்துக்குள்ளாகியுள்ளனர்" என்று எல்லாருக்கும் ஒரே வரியைத்தான் அடித்தேன்.

ஒன்று மட்டும் மனதில் குத்தும். வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பேசமாட்டார்கள். மேசைக்குப் பின்னால் காலியாக இருக்கும் எம்.பி.யின் நாற்காலியைப் பார்த்துப் பேசுவார்கள். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வேன். பேசி முடித்ததும் நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். சாயந்திரம் ஆனால் அந்த நாற்காலியும் நானும்தான்.

என்னைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் ஓர் அம்மாள். காணையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு ஊரில், காலனியில் அவர் வீடு. கரும்பு வெட்டப் போகிறவர், புருஷன் இல்லாதவர். ஒரே பிள்ளை. எம்.பி. அந்தப் பையனைச் சமையலுக்காக டெல்லிக்கு அழைத்துப் போயிருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் டெல்லி வீட்டிலிருந்து எங்கள் ஆபீசுக்கு ட்ரங்கால், அதாவது வெளியூர் போன், போட அனுமதி உண்டு. அன்றைக்கு இந்த அம்மாள் விடிவதற்கு முன்னால் கிளம்பி, விழுப்புரம் வந்து, அங்கே பஸ் மாறித் திண்டிவனம் வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை உட்காரவே இல்லை. கதவுக்கு வெளியே நின்றார். நான்தான் வற்புறுத்தி உட்கார வைத்தேன். ஆரம்பத்தில் என்னைச் "சார்" என்றார். நாலைந்து மாதம் போனபின் ஒரு நாள், அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசையில் கொட்டி, "துன்னு தம்பி, எலும்பா நிக்கற" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

போன் மணி அடித்தால் நான் எடுத்து, ஆள் யாரென்று கேட்டு, அவர் கையில் கொடுப்பேன். அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

"நல்லா இருக்கறேன்பா. அய்யா நல்லா இருக்கறாருங்களா? அம்மா நல்லா இருக்கறாங்களா? சொன்ன பேச்ச கேட்டு நட. வேலைய சுத்தமா செய். சரி. சரிப்பா."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் பையனும் அதே மாதிரித்தான் பேசியிருப்பான். எம்.பி.யின் வீட்டம்மா பக்கத்தில் நிற்பார்களே. வைத்ததும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். அவனிடம் சொல்ல நினைத்து வந்ததெல்லாம் அப்போதுதான் வரும். வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டது, கூரை ஒழுகுவது, மாமன் மகளுக்கு வேறு இடத்தில் பேச்சு நடப்பது, போன தீபாவளிக்கு வருவேன் என்று சொல்லி வராமல் இருந்தது. திட்டும் சேர்ந்துதான் வரும். "கூறு கெட்டவனே, ஒரு வா சோறு துன்னியான்னு கேட்டா சரி சரிங்கற" என்று என்னைப் பார்த்துத் திட்டுவார். நான் அவன் இடத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வேன். அம்மா போய்ப் பல வருஷம் ஆனவனுக்கு அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதத்து ஞாயிறு எப்போது வரும் என்று அந்தப் பையனைவிட நான் அதிகமாகக் காத்திருந்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு முறை இப்படிப் பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அவன் அங்க நல்லா இருக்கறானா, பேஜார்ல இருக்கறானான்னே எனக்குத் தெரியல தம்பி. கொரலு வருது. ஆளு வரல" என்றார்.

எம்.பி. அந்தச் சமயம் ஒரு கல்யாணத்துக்காக வந்தார். "இந்த செஷன்ல டெலிபோன் மந்திரிகிட்ட பேசறேன். போன் இல்லாத ஊரா பாத்து நாலு பேரு எழுதி வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எழுதிய முதல் பெயர் எது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் வந்தபோது அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். இனி இவ்வளவு தூரம் வரவேண்டாம், கூலியும் போகாது, பையன் வெளியே ஒரு போஸ்டாபீசுக்குப் போய்ப் போட்டால் யார் காதும் இல்லாமல் பேசலாம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வைப்பாங்க தம்பி?" என்று கேட்டார்.

எங்கே வைப்பார்கள்? போஸ்டாபீசில்தான் வைப்பார்கள். அந்த ஊரில் போஸ்டாபீஸ் என்பது போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்கட்டு. அந்த வீடு ஊர்த்தெருவின் நடுவில் இருக்கிறது. மணியார்டர் வந்தால்கூடக் காலனிக்காரர்கள் வாசலில் நின்று கைநாட்டு வைத்துவிட்டு வருவார்களாம்.

"அவங்க நல்லவங்கதான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு என் புள்ளய நான் என்னான்னு திட்டுவேன்? அதுக்கு இங்கயே வந்துட்டுப் போறேன். இங்கயாவது குந்தி பேசறேன்."

"வேற எங்க வெச்சா வருவீங்க?"

"ரேடியோ ரூமு கீதில்ல" என்றார். பஞ்சாயத்து ரேடியோ வைத்திருந்த ஒரு சின்னக் கட்டடம் அது. ரேடியோ எப்போதோ ரிப்பேர் ஆகிப் போய்விட்டது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே, ரோட்டோரம் பூட்டிக் கிடந்தது. அதன் வாசலில் யாரும் நிற்கலாம்.

விழுப்புரத்துக்குப் போய் டெலிபோன் ஆபீசில் கேட்டேன். இருந்த அதிகாரி தன்மையான மனிதர். கிராமத்துப் போன் போஸ்டாபீசுக்குத்தான் தருவது வழக்கம் என்றார். வேறு இடம் என்றால் மேலிருந்து எழுத்தில் வரவேண்டும் என்றார். திரும்பி வந்து அன்று சாயந்திரமே லெட்டரை மறுபடி அடித்தேன். இந்தத் தடவை "பெரும் சிரமம்" வரியை விட்டுவிட்டேன். எல்லாத் தரப்பு மக்களும் தயக்கமில்லாமல் வந்து பேசக்கூடிய பொது இடமான ரேடியோ ரூமில் போன் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அந்த வரியை அடித்து முடித்தபோது டைப்ரைட்டர் சத்தம் நின்று வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. இது பலித்தால் அக்கா இனி இங்கே வரமாட்டார். அது எனக்கு விளங்காமல் இல்லை. பேப்பரை உருவி மடித்து உறையில் போட்டேன்.

கையெழுத்துப் போடும்போது எம்.பி. அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "போன் கேட்டா போன் கேக்கணும். அத எங்க மாட்டணும்னு மந்திரிக்கு எதுக்குப்பா?"

"ஊருக்குள்ள மாட்டினா பாதி ஊருக்கு இல்லைங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரும் கிராமத்தில் பிறந்தவர்தான். கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் மாதக்கணக்கில் காத்திருந்தோம். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில். மாதா மாதம் வரும்போது அக்கா கேட்பார், நான் பரிசீலனை என்பேன். "அது யாரு தம்பி, அந்தாளு வழி வுட மாட்டேங்கறாரே" என்று ஒரு நாள் கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார், எதற்கு என்று கேட்காமலே.

அடுத்த அறுவடை சமயம், அவர் வாசலில் செருப்பை விடும்போதே சொன்னார்: "போன் கம்பம் நட்டுக்கினு வர்றாங்க தம்பி. எங்க ஓடை வரைக்கும் வந்துடுச்சு." அன்றைக்குப் பையனிடம் பேசிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர், திட்டவில்லை. புது போனில் பேசுவதற்கு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார் என்று புரிந்தது. மூன்று மணி பஸ்சுக்குக் கிளம்பினார். வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். "வர்றேன் தம்பி" என்றார். நான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடப் போனேன்.

அடுத்த மாதத்து ஞாயிறு போன் அடிக்கவில்லை. நான் ஏன் காலையிலேயே குளித்துச் சட்டை மாற்றி முன் அறையில் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டால், பழக்கம் என்றுதான் சொல்லவேண்டும்.

சில நாள் கழித்து அந்த ஊர்க்காரர்கள் ஒரு கட்டுக் கரும்போடு நன்றி சொல்ல வந்தார்கள். எம்.பி. டெல்லியில் இருந்தார். கரும்பை நாற்காலிக்கு எதிரே சாய்த்து வைத்தார்கள். ரேடியோ ரூமுக்கு வெள்ளையடித்திருப்பதையும், போனைக் கவனிக்கப் போஸ்ட்மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே தபால் பையோடு அங்கே வந்து உட்காருவதையும் சொன்னார்கள். அந்த அம்மாள் பேசினார்களா என்று கேட்டேன்.

"பேசுச்சாவா? ரோட்ல போன மாட்டு வண்டி நின்னு கேட்டுச்சு சார்" என்றார் ஒருவர். "அந்தத் திட்டு திட்டுச்சு. கடைசில பாத்தா அழுதுக்கினு கீது. பையனும் அங்க அழுதிருப்பான் போல."

அடுத்த முறை வந்தபோது எம்.பி. துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்ததும் என்னிடம் சொன்ன முதல் விஷயம் இதுதான்: "நீ எழுதின போன் என் சமையல்காரன இட்டுக்கினு போயிடுச்சுய்யா." கோபமில்லை, கேலிதான். பையன் ஊருக்குத் திரும்பிவிட்டான். டெல்லிக் குளிரும் அங்கே அவனுக்குக் கொடுத்திருந்த தனி அறையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அம்மாவிடம் அன்றைக்குத்தான் சொன்னானாம். எம்.பி. போனபிறகு அந்தத் தனி அறையை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்குப் பார்க்காமலே தெரிந்தவன்.

எனக்கு அதில் சந்தோஷம்தான். சந்தோஷப்பட்டுவிட்டுத் திரும்பினால் பெஞ்சு காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒரு நாள், காலையிலிருந்து யாரும் வரவில்லை. மத்தியானம் போனை எடுத்து எக்ஸ்சேஞ்சில் அந்த ஊரைக் கேட்டேன். இணைப்பு கிடைக்க வெகுநேரம் ஆனது. போஸ்ட்மாஸ்டர் எடுத்தார்.

"எம்.பி. ஆபீசுங்களா? வணக்கம் சார். இன்னா சார், வேற எதுனா சாங்ஷன் ஆயிருக்குதா?"

"இல்லைங்க. லைன் நல்லா இருக்கான்னு பாத்தேன்."

"நல்லா கேக்குது சார். யாரையாவது கூப்புடணுங்களா? ஆளு அனுப்பறேன்."

அக்காவைக் கூப்பிடச் சொல்லலாம். மழையில் கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடி வருவார். எம்.பி. ஆபீசிலிருந்து போன் என்றால் பிள்ளையைத் திரும்ப டெல்லிக்குக் கூப்பிடுகிறார்களோ என்று பதறித்தான் வருவார். வந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். அய்யா நல்லா இருக்கறாருங்களா என்று கேட்பார். நான் அவரிடம் என்ன சொல்வது?

"வேண்டாங்க" என்றேன்.

போஸ்ட்மாஸ்டர் வைக்கவில்லை. பேச ஆள் கிடைத்த குரலில், பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுவதைச் சொல்ல ஆரம்பித்தார். எந்த வகுப்பில் எந்த மூலை, பிள்ளைகள் ஸ்லேட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஹெட்மாஸ்டர் உள்ளேயே குடை விரிப்பது. பள்ளிக்கூடத்து ஓடு டெல்லிக்கு எழுதுகிற விஷயமே இல்லை. அது அவருக்கும் தெரியும். நடுவில் ஆபரேட்டர் குறுக்கிட்டு, மூன்று நிமிஷம் ஆகிவிட்டது, நீட்டிக்கலாமா என்று கேட்டாள்.

"நீட்டுங்கம்மா" என்றேன். பிறகு அவரிடம், "சொல்லுங்க, ஹெட்மாஸ்டர் குடை விரிச்சாரு, அப்புறம்?" என்றேன்.