பதினோரு கோடுகள்

முப்பத்தாறு வயதில் எம்.டெக் சேர்ந்தேன். தொம்மலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் டெஸ்டிங் வேலை எனக்கு. மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அதையே செய்தபின், எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது என்று ரோஷம் வந்தது. சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பு நாட்களில் ஜோகுபாளையம் வீட்டையும் மகளையும் கணவர் பார்த்துக்கொள்வார்.

முதல் பருவத்திலேயே அல்காரிதம் பாடம், கணக்குகளைக் கம்ப்யூட்டர் தீர்க்கும் வழிமுறைகள் பற்றியது. நடத்திய ஆசிரியை என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பாடம் ஆங்கிலத்தில், பேச்சு கன்னடம் கலந்த தமிழில்.

முதல் தேர்வில் முப்பதுக்கு ஒன்பது வாங்கினேன். ஒரு வழிமுறை சரியானது என்று நிரூபிக்கச் சொல்லியிருந்தார். நான் பத்து உதாரணம் போட்டு, பத்திலும் சரியான விடை வருகிறது என்று எழுதியிருந்தேன். விடைத்தாளோடு அவர் அறைக்குப் போனேன்.

"பத்துலயும் சரியாத்தானே வந்திருக்கு மேம்?"

"அடுத்ததுல தப்பா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். குரலில் கேலி இல்லை. "சரின்னு சொல்லணும்னா எல்லாத்துக்கும் காட்டணும். தப்புன்னு சொல்ல ஒண்ணே ஒண்ணு போதும்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் என் வேலையைப் பற்றிச் சொன்னது போலவே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு கணக்கு கொடுத்தார். ஒரே ஒரு ஹால். பல பேர் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. நேரம் மோதாமல் அதிகம் பேருக்குக் கொடுக்க வேண்டும். யாரை முதலில் எடுப்பது? வகுப்பிலேயே கெட்டிக்காரனான ஒரு பையன் எழுந்து, "யாரோட நேரம் ரொம்பக் கம்மி பேர் கூட மோதுதோ, அவங்கள முதல்ல எடுக்கலாம்" என்றான். எல்லோரும் தலையாட்டினோம்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. நிரூபிங்க, இல்ல உடைங்க. அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்" என்றார் ஆசிரியை.

மூன்று பேர், நான்கு பேர், ஆறு பேர் என்று நோட்டில் கோடுகளாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோடு ஒருவர் கேட்கும் நேரம். ஒவ்வொரு முறையும் அந்தப் பையனின் விதியே ஜெயித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் என் முகத்தைப் பார்த்து, "சரியா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் கணவர்.

"சரின்னா ஏன் சரின்னு தெரியணும்ல."

புதன்கிழமை அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை. கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இந்த விதி எந்தத் தப்பைச் செய்ய வேண்டும் என்று யோசித்தேன். நல்ல கோடுகள் இரண்டை மறித்துக்கொண்டு நடுவில் ஒன்று நிற்க வேண்டும். அதை விதி ஆசைப்பட்டு எடுக்க வேண்டும். அப்படியானால் நடுவில் இருப்பதற்கு இரண்டே மோதல், மற்ற எல்லாவற்றுக்கும் அதைவிட அதிகம். டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு வரைந்தேன்.

சனிக்கிழமை போர்டுக்குப் போனேன். மேலே வரிசையாக, ஒன்றோடொன்று மோதாத நான்கு கோடுகள். இரண்டாவதையும் மூன்றாவதையும் தொட்டபடி கீழே ஒரு குட்டிக் கோடு. முதல் இரண்டுக்கும் குறுக்கே, குட்டியைத் தொடாமல், ஒரே மாதிரி மூன்று. கடைசி இரண்டுக்கும் குறுக்கே அதேபோல மூன்று. மொத்தம் பதினொன்று.

"குட்டிக்கு ரெண்டு மோதல். அதனால விதி அதைத்தான் முதல்ல எடுக்கும்" என்றேன்.

அந்தப் பையன் எட்டிப் பார்த்தான். "அக்கா, ஓரத்துல இருக்கிறதுக்கும் ரெண்டுதானே?"

"மூணு. கீழ இருக்கிற மூணும் அது மேல விழுது, எண்ணிப் பாரு."

எண்ணினான், தலையசைத்தான். குட்டியை எடுத்ததும் மேலே நடுவில் இருந்த இரண்டையும் அடித்தேன். இடது பக்கம் இனி ஒன்றுதான் எடுக்க முடியும், வலது பக்கமும் ஒன்றுதான். "நாலு பேருக்குக் கொடுத்திருக்கலாம். இது மூணு பேருக்குத்தான் கொடுக்குது."

"ஸ்வல்ப இருங்க, ஒரு நிமிஷம்" என்று ஆசிரியை எழுந்து வந்து ஒவ்வொரு கோட்டையும் தானே எண்ணினார். "நெட்ல பாத்தீங்களா?"

நோட்டை நீட்டினேன். அடித்தும் திருத்தியும் நிரம்பிக் கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு வகுப்பைப் பார்த்து, "நான் படிக்கிறப்போ இத புக்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இவங்க தானே கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். முதலில் கை தட்டியது அந்தப் பையன்தான்.

அதன்பின் ஆசிரியை, யாருடைய நேரம் சீக்கிரம் முடிகிறதோ அவரை முதலில் எடுப்பதே சரியான வழி என்று நிரூபித்தார். வரிவரியாகப் புரிந்தது. பருவத் தேர்வில் அதே மாதிரி ஒரு நிரூபணம் கேட்டிருந்தார்கள். ஓர் உதாரணம்கூடப் போடாமல் முழுதாக எழுதிவிட்டு வந்தேன். அடுத்த பருவத்துக்கு விருப்பப் பாடம் கேட்டபோது, அல்காரிதத்தின் மேல்நிலைப் பாடத்தையே எழுதிக் கொடுத்தேன். படிவத்தைப் பார்த்த கணவர், "மறுபடியுமா?" என்றார்.

"ஆமா, மறுபடியும்தான்" என்றேன்.