வலப்பக்கத்து ஸலாம்

நான் பகிடிக்காரன். அதனால் இதை யாரும் நம்புவதில்லை. ஆனால் இது பகிடி இல்லை... நடந்தது. 1984, நோன்பு மாதம். கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு தனியார் விடுதிப் பள்ளி. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் இடம். நான் மாமாவின் தயவில் உள்ளே புகுந்தவன். வயது பதினாறு. துப்பறியும் நாவல்களைப் படித்துவிட்டு, சட்டைப்பையில் இரவல் பூதக்கண்ணாடியோடு திரிந்தேன். அதுவரை நான் கண்டுபிடித்த ஒரே குற்றவாளி, என் செருப்பைத் தூக்கிப்போன நாய்.

அந்த நோன்பில், விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சஹர் ஒரு பீங்கான் சோறு குறைந்தது. விடுதியில் நாங்கள் இருபது பேர். சமையல்காரர் காலிதீன் காக்கா இருபது பீங்கானில் சோறு போட்டு மூடி வைப்பார். கடைசியில் வருபவனுக்கு இருக்காது. காக்காதான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று பள்ளி அதிபர் முடிவுகட்டிவிட்டார்.

"நாளைக்கும் குறைஞ்சா பெட்டியக் கட்டு."

காக்கா என்னிடம் வந்தார்.

"அல்லாஹ்வுக்காகச் செல்றன் மனே, நான் எடுக்கல்ல. வீட்டுல கட்டிக்குடுக்காத மூணு குமர் இருக்கு. நீதானே பெரிய துப்பறியிற ஆள்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் மறுக்க முடியவில்லை.

மறுநாள் அதிகாலை 3.35. கரண்ட் இல்லை. ஒரே ஒரு அரிக்கன் லாம்பு. சாப்பாட்டறைக்கு ஒரு வாசல்தான். அதில் நான் நின்றேன். பீங்கான்களை எண்ணினேன். இருபது. காக்கா அடுப்படியை விட்டு அசையவில்லை. ஒவ்வொருவனாக என்னைத் தாண்டிப் போனான். பத்தொன்பது பேர். என்னுடையதை எடுக்கப் போனேன்.

மூடி விலகிக் கிடந்தது. பீங்கான் காலி. நக்கித் துடைத்த மாதிரி. விளிம்பில் ஈர மணல்...

"காக்கா, நீங்க எடுக்கல்ல. நான் சாட்சி."

"அப்ப ஆரு மனே?"

பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு பிடித்தேன்.

4.40. தொழுகை அறை. அதிபர்தான் தொழுவித்தார். முன்வரிசையில் பத்துப் பேர். பின்வரிசையில் பத்து. வலது கோடியில் நான். எனக்கு அப்பால் சுவர் வரை வெறும் பன்பாய்.

குனிந்து எழுந்து இரண்டாம் ரக்அத்தில் நின்றபோது ஒரு சத்தம். சளக்... சளக்... ஈரக்கால்.

பிந்தி வருபவன் இடைவெளி விடாமல் ஒட்டி நிற்பதுதான் வழக்கம். என் வலத்தோளில் ஒரு தோள் முட்டியது. பாதத்தோடு பாதம்.

ஐஸ் மாதிரிக் குளிர்.

தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. கள்ளன் மாட்டினான் என்று, மடையன் நான், சந்தோஷப்பட்டேன். தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்கும்போது முதலில் வலப்பக்கம்தானே திரும்ப வேண்டும்!

அப்போதுதான் உறைத்தது. முன்னால் பத்து. பின்னால் பத்து. வர வேண்டியவன் யாரும் பாக்கியில்லை.

வாய் மட்டும் ஓதியது.

கடைசி இருப்பு. பக்கத்தில் மூச்சுச் சத்தமே இல்லை...

"அஸ்ஸலாமு அலைக்கும்..."

திரும்பினேன்.

யாருமில்லை.

பாயில் இரண்டு ஈரப் பாதங்கள். சின்னவை.

விரல்கள், நாங்கள் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தன.

அதிபரும் திரும்பினார். பாயைப் பார்த்தார். வெகுநேரம் எழும்பவில்லை. பிறகு காக்காவைக் கூப்பிட்டார்.

"நீ போக வேணாம். இண்டையிலிருந்து இருபத்தொண்டு போடு."

பூதக்கண்ணாடியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெருநாள் கழிந்து, காவலாளி மீராமுகைதீன் அலுமாரியிலிருந்து பிள்ளைகளின் பெயர் எழுதிய ஒரு பழைய விடுதி இடாப்பை எடுத்துக் காட்டினார். ஸலாஹுதீன், வயது பதினொன்று. 1978 நவம்பர் 23இல் வெளியே அனுப்பப்பட்டான். சூறாவளி அடித்த அன்று. வீடு போய்ச் சேரவில்லை, அடக்க மையித்தும் கிடைக்கவில்லை என்றார் காவலாளி.

காரணம் எழுதும் இடத்தில், இதே அதிபரின் கையெழுத்தில் இரண்டே சொல்:

சோறு களவு.