பிரகலாதனின் மொரிஸ் மைனர்

கண் போன பிறகும் கிண்ணியாக்காரர்கள் தங்கள் வாகனங்களை ஸஹாப்தீனிடமே கொண்டுவந்தார்கள். சீனி வியாதி முதலில் அவருடைய இடக்கண்ணையும் மறுவருடம் வலக்கண்ணையும் பறித்துக்கொண்டது. ஆனால் அவர் எஞ்சினைக் காதால் பார்க்கிறவர் என்று பெயரெடுத்திருந்தார். பொனட்டைத் திறக்கு முன்பே கோளாறைச் சொல்லிவிடுவார். கண்ணுக்கு மனைவி அசனா இருந்தாள். பிளக்கின் நுனி கறுப்பா மண்ணிறமா என்று பார்த்துச் சொல்லத்தான் அவள் முதன்முதலாகக் கராஜுக்குள் வந்தாள். நான்கு வருடத்தில், அவர் சொல்லச் சொல்ல, காபரேட்டரைக் கழற்றிப் பூட்டவும் பழகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. காலையில் சோற்றை ஆக்கி வைத்துவிட்டு வந்தால் நண்பகல் ளுஹர் தொழுகை வரைக்கும் இருவருக்கும் கராஜ்தான்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் உப்புவெளியிலிருந்து பிரகலாதன் தன் பழைய மொரிஸ் மைனரைக் கொண்டுவந்தார். கல்விக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"நானா, மனிசியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோறது இதிலதான். பாலத்தில வரேக்க ரெண்டு தரம் நிண்டுபோச்சு."

ஸஹாப்தீன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பொயின்ட் தேஞ்சிருக்கு சேர். விட்டுட்டுப் போங்க."

பிளக்குகளுக்குப் பொறி போக வைக்கும் பொயின்டை அசனா மாற்றினாள். நடுக்கம் போகவில்லை. மறுநாள் காபரேட்டரில் அழுக்கு என்றார். கழற்றிக் கழுவிப் பூட்டினாள். மூன்றாம் நாள் பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். டாங்கி முழுவதையும் இறக்கி வடித்தாள். ஒரு துளி தண்ணீர் இல்லை. இப்படி மூன்று தரம் அவர் பிழையாகச் சொன்னதை அவள் கண்டதில்லை. மழை நாள், உடம்பு சரியில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை, "பிளக் வயரக் கழட்டிப் பாப்பம்," என்றார்.

அது அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். எஞ்சின் ஓடும்போதே நான்கு பிளக்குகளின் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். செத்த சிலிண்டராக இருந்தால் சத்தம் மாறாது. அசனா காய்ந்த துணியைச் சுற்றிப் பிடித்து வயரைக் கழற்றுவாள். இரைச்சலில் கத்தாமல் அவருடைய தோளைத் தொடுவாள். அவர் கேட்டுச் சொல்வார்.

முதல் வயரைக் கழற்றித் தொட்டாள். "சத்தம் இறங்குது. நல்லது," என்றார். அது சரியாக இருந்தது. வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு, கீழே விழுந்த துணியை எடுக்கக் குனிந்தாள். அவளுடைய முழங்கை அவர் தோளில் பட்டது.

"இதுவும் இறங்குது. நல்ல சிலிண்டர்."

அவள் இன்னும் எதையும் கழற்றியிருக்கவில்லை.

அசனா குனிந்தபடியே நின்றாள். பிறகு இரண்டாவது வயரைக் கழற்றினாள்; தோளைத் தொடவில்லை. சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. மூன்றாவதும் அப்படித்தான். நாலாவதைக் கழற்றியதும் எஞ்சின் இருமி, நின்றேபோனது. அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்ததக் கழட்டு புள்ள."

அவள் அவருடைய காதருகில் போனாள். "எஞ்சின் நிண்டுட்டு."

அவர் தடவிக் கதிரையைப் பிடித்து உட்கார்ந்தார். "காது போறது நோன்புக்கு முந்தியே தெரியும். பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா கேக்கல்ல. நீ கிட்ட வந்து கதைச்சாக் கேக்குது. மத்ததெல்லாம் ஒரே இரைச்சல்," என்றார்.

"அப்ப மூணு நாளா என்ன ஏன் அலைய விட்டீங்க?"

"நீ நம்புறவரைக்கும் சமாளிக்கலாம் எண்டு நெனச்சன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் நான்கு பிளக்குகளையும் கழற்றி வைத்தாள். அவரை எழுப்பிக் கூட்டிவந்து, முதல் பிளக் துவாரத்தின் மேல் அவருடைய பெருவிரலை வைத்தாள். முன்னால் போய், காரோடு வந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி எஞ்சினைச் சுற்றினாள்.

"காத்து தள்ளுது," என்றார். விரலை நகர்த்தினார். "இதில இல்ல." மீண்டும் நகர்த்தினார். "இதிலயும் இல்ல." கடைசித் துவாரத்தில் காற்று விரலைத் தள்ளியது.

"நடுவில ரெண்டும் செத்திருக்கு. ஹெட் கெஸ்கட் எரிஞ்சிட்டு."

சொன்னது சரி. பக்கத்து வீட்டு றிஸ்வியின் உதவியோடு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியபோது, அதன் அடியில் நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையில் கெஸ்கட் தகடு கருகி அறுந்திருந்தது. அசனா அந்த இடத்தை அவருடைய விரலால் தடவிக் காட்டினாள். அவர் தலையசைத்தார், சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

புதிய கெஸ்கட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர ஆறு நாளானது. பூட்டி முடித்த அன்று பிரகலாதனும் வந்திருந்தார். எஞ்சின் மெதுவாக, சீராக ஓடியது.

"ஸ்டாட் பண்ணு புள்ள," என்றார் ஸஹாப்தீன்.

பிரகலாதன் அசனாவைப் பார்த்தார். அவள் கணவரின் கையை எடுத்து மட்கார்டின் மேல் வைத்தாள். அவர் அந்த மெல்லிய அதிர்வின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"சேர், இது நான் கண்டுபிடிச்சதில்ல. இவதான். இனி எனக்குக் காதும் கேக்க ஏலா. வாகனத்த இவட்ட குடுங்க."

"பரவாயில்ல நானா, அதுக்கென்ன," என்றார் பிரகலாதன். ஆனால் அவர் பிறகு வரவில்லை. அவரிடமிருந்து, காது போன செய்தி பரவியிருக்க வேண்டும். மார்கழியில் இரண்டு பேர் வந்தார்கள். தையில் ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காதுக் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொட்டுகிறது என்று ஸஹாப்தீன் அதை அலுமாரியில் வைத்துவிட்டார்.

மாசியில் ஒருநாள் இருவரும் கராஜ் வாசலில் இருந்தபோது மொரிஸ் மைனர் வீதியில் போனது. வேறு யாரிடமோ கொடுத்து வேலை செய்வித்திருந்தார்கள். ஒரு வால்வு தளர்ந்து டிக் டிக்கென்று தட்டுவது அசனாவுக்குத் தெளிவாகக் கேட்டது. நிறுத்தச் சொல்லிக் கை காட்ட அரைவாசி எழுந்தாள். பிரகலாதன் பார்வையைத் திருப்பாமல் போனார்.

நிலம் அதிர்ந்ததை ஸஹாப்தீன் காலில் உணர்ந்திருக்க வேண்டும். "என்ன போகுது?" என்று கேட்டார்.

"லொறி ஒண்டு," என்றாள் அசனா, அவர் காதருகில் குனிந்து.